திருவரங்கத்தில் நிலைபெற்ற பெயர்கள்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, நூற்றெட்டுத் திருப்பதிகளுள் முதலாவதாய்த் திகழும் திருவரங்கத்தில், பெரிய பெருமாளை ஸேவிக்கச் செல்லும் அன்பர்கள் ஏழு திருச்சுற்றுகளைக் கடந்து செல்கின்றனர். அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. உள்ளிருந்து எண்ணினால் தர்மவர்மா, ராஜமகேந்திரன், குலசேகரன், ஆலிநாடன், அகளங்கன், திருவிக்கிரமன், கலியுகராமன் என்று அவற்றை எடுத்தவர்கள் பெயராலேயே அவை வழங்கி வந்திருக்கின்றன. ஆலிநாடர் என்பவர் திருமங்கையாழ்வார், ஏனையோர் மன்னர். இவர்களுள் சிலர் இன்னார் என்று சரித்திரம் துணிந்து சொல்லும். அகளங்கன் என்பது விக்கிரம சோழனுடைய விருதுப் பெயர் என்பர். வேறு சிலரைப் பற்றி ஆராய்ச்சியாளரிடையே இன்னும் கருத்து வேற்றுமை உண்டு.

ஆயினும் திருவரங்கத்துத் தெருவில் நிற்கும் ஒருவரிடம் கலியுகராமன் திருச்சுற்று எது என்று கேட்டால், அவர் சற்றே திகைப்பார். சித்திரை வீதி என்று கேட்டால் உடனே கைகாட்டுவார். திருவிக்கிரமன் திருச்சுற்று அவருக்கு உத்தர வீதி. மலை போன்ற மதிலை எடுத்த மன்னன் பெயர் ஏட்டில் தங்கிவிட, திருத்தேர் ஓடும் மாதத்தின் பெயர் வாயில் நிலைத்துவிட்டது. ஒரு மன்னனையோ, ஒரு நூலாசிரியரையோ, ஒரு கட்டடத்தையோ பெரிது என்று பின்வந்தோர் நினைவில் நிறுத்துவது எது என்னும் வினாவுக்கு விடை தேடுவோர், இந்தச் சிறிய வேறுபாட்டிலிருந்தே தொடங்கலாம்.

செல்வத்தால் பெயர் நிலைக்குமாயின், முதலாம் சடையவர்மன் சுந்தர பாண்டியனுக்கு நிகராக எவரையும் சொல்ல இயலாது. 1251ஆம் ஆண்டு அரசெய்திய இம்மன்னன் சேரரையும் சோழரையும் போசளரையும் வென்று, வென்ற பொருளைத் திருக்கோயில்களுக்கு வாரி வழங்கியவன். காவிரியில் ஓர் ஓடத்தில் தானும் தன் பட்டத்து யானையும் ஏறியிருந்து, நீரில் அமிழ்ந்த அளவைக் குறித்துக்கொண்டு, மற்றோர் ஓடம் அதே அளவுக்கு அமிழும் வரை பொன்னும் மணியும் நிரப்பி அரங்கனுக்குச் சமர்ப்பித்தான் என்று கோயிலொழுகு கூறுகிறது. ஒழுகின் கூற்றில் வியப்பு மிகுதியாகக் கலந்திருக்கலாம். ஆனால் கொடை பொய்யன்று. மரகத மாலை, ரத்தின கிரீடம், முத்துப் பந்தல் என்று அவன் அளித்தவற்றை வடமொழிச் சுலோகங்களாய்ப் பொறித்த நீண்ட கல்வெட்டு ஒன்று திருவரங்கத்திலேயே உள்ளது. விமானத்துக்குப் பொன் வேய்ந்தமையால் ‘பொன்வேய்ந்த பெருமாள்’ என்னும் பட்டமும் அவனுக்கு உண்டாயிற்று.

அந்தப் பொன் அறுபது ஆண்டு கூட நிற்கவில்லை. 1311ஆம் ஆண்டு மாலிக் காபூரின் படை திருவரங்கத்தைக் கொள்ளையிட்டது. இன்று விமானத்தில் ஒளிரும் பொன், பிற்காலத்தார் வேய்ந்தது. கொடுத்த பொருள் ஒழிந்துபோக, கொடுத்ததைச் சொல்லும் கல் மட்டும் நிற்கிறது. கல்லும் தானே பேசுவதன்று, படிப்பவர் வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலை 1010ஆம் ஆண்டில் நிறைவேற்றிய முதலாம் இராசராசன், தன் கொடைகளோடு தமக்கையார், தேவிமார், அலுவலர் ஆகியோரின் கொடைகளையும் அக்கோயிற் சுவரெங்கும் பொறித்து வைத்தான். ஆயினும் பிற்காலத்துத் தலபுராணம் அக்கோயிலைக் கரிகாலன் எடுத்ததாகக் கூறிற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹூல்ஷ் முதலிய அறிஞர் கல்வெட்டுகளைப் படித்து வெளியிட்ட பின்னரே, கட்டியவன் பெயர் அவன் கோயிலுக்கு மீண்டது. எழுதிய எழுத்து கண்ணெதிரே இருக்க, அந்த ஊராரே அதை மறந்திருந்தனர். பருமையும் அழகும் ஒரு கட்டடத்தைக் காத்துக்கொள்ளப் போதும். கட்டியவனைக் காத்துத் தரப் போதா.

இனி, பேராற்றல் சிறிதும் இல்லாத ஒரு மன்னன் நினைவில் நின்ற விதத்தைக் காணலாம். விஜயநகரத்து இரண்டாம் ஹரிஹரராயரின் குமாரர் விருப்பண்ண உடையார். அரியணையில் அவர் வீற்றிருந்த காலம் மிகக் குறுகியது. பெரும்போர் வென்ற புகழும் அவருக்கு இல்லை. விஜயநகர வரலாற்றை விரித்தெழுதுவோர் அவரை இரண்டொரு வரிகளில் கடந்து சென்றுவிடுவர். ‘நாராயணீவிலாஸம்’ என்னும் வடமொழி நாடகத்தையும் அவர் இயற்றினார். அதை அறிந்தவர் புலமையாளர் சிலரே. ஆயினும், படையெடுப்புகளால் தடைப்பட்டுக் கிடந்த திருவரங்கத்து உத்ஸவங்களை மீண்டும் தழைக்கச் செய்யும் காலத்தில், 1383ஆம் ஆண்டு சித்திரைத் திருநாளை அவர் ஏற்படுத்தினார் என்று கோயிலொழுகு கூறும். அன்றுமுதல் அது விருப்பன் திருநாள் என்றே வழங்குகிறது. தை மாதத்து உத்ஸவத்துக்கும் பூபதித் திருநாள் என்று மற்றோர் உடையாரின் பெயர் நின்றுவிட்டது.

விருப்பன் திருநாளில் திருத்தேரன்று சுற்றுவட்டாரக் கிராமத்து மக்கள் திரளாகக் கூடுகின்றனர். தம் வயலில் விளைந்த தானியத்தையும், தம் கொட்டிலில் வளர்ந்த பசுவையும் கன்றையும் பெருமாளுக்குக் காணிக்கையாக்குகின்றனர். வடம் பிடிக்கும் ஆயிரக்கணக்கானோருள் விருப்பண்ணர் யார், எந்நாட்டவர் என்று அறிந்தவர் ஒரு சிலர் இருந்தால் அதுவே வியப்பு. ஆயினும் ஆண்டுதோறும் பத்திரிகையில் அப்பெயர் அச்சாகிறது; பட்டர்களும் அரையர்களும் அப்பெயரைச் சொல்கின்றனர்; மண்டகப்படிதாரரும் கைங்கர்யபரரும் அப்பெயரைக் கொண்டே தத்தம் முறையைக் கணக்கிடுகின்றனர். பொன்வேய்ந்த பெருமாள் ஒருமுறை கொடுத்தான். விருப்பண்ணரோ, ஒவ்வோர் ஆண்டும் பிறர் வந்து கொடுப்பதற்கு ஒரு வழி கோலிவைத்தார். இரண்டாவது கொடை முதலாவதைக் காட்டிலும் எளியது. ஆனால் களவாட இயலாதது.

நூல்களின் கதியும் இத்தகையதே. படையெடுப்புகளின் காலத்தை ஒட்டித் தோன்றிய இரு நூல்களை அருகருகே வைத்து நோக்கினால் இது விளங்கும். மதுரையில் நிலைபெற்றிருந்த சுல்தான்களை வென்ற குமார கம்பண உடையாரின் தேவி கங்காதேவி, தன் நாயகனுடைய வெற்றியை ‘மதுராவிஜயம்’ என்னும் காவியமாகப் பாடினாள். நடை இனியது, நிகழ்ச்சிகளைச் சமகாலத்தில் இருந்தே கண்டவள் பாடியது, அரசியின் வாக்கு என்னும் பெருமையும் அதற்கு உண்டு. இத்தனை இருந்தும் அது வழக்கொழிந்தது. 1916ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் ஏட்டுச்சுவடியாக அது கண்டெடுக்கப்பட்டபோது, இடையிடையே சிதைந்தும் குறைந்தும் கிடந்தது.

மற்றொன்று, ஸ்ரீபாஷ்யத்துக்கு ஸுதர்சன பட்டர் எழுதிய ‘ச்ருதப்ரகாசிகை’. அது பட்டர் தம் ஆசார்யரான நடாதூர் அம்மாளின் திருவடிகளில் அமர்ந்து கேட்டவற்றைத் தொகுத்து விளக்கியது. கேட்டதை விளக்குவது என்பதே அந்நூற்பெயரின் பொருள். தம் பெருமையைப் பேசும் நோக்கம் ஆசிரியருக்கு இல்லை என்பதைப் பெயரே காட்டிவிடுகிறது. தில்லிப் படை திருவரங்கத்தைச் சூழ்ந்தபோது வயது முதிர்ந்திருந்த பட்டர், அந்நூலையும் தம் இரு குமாரர்களையும் வேதாந்த தேசிகரிடம் ஒப்புவித்துத் திருநாடு எய்தினார் என்பது குருபரம்பரை வரலாறு. தேசிகர் மாண்டவர் உடல்களினிடையே குழந்தைகளோடு மறைந்து கிடந்து, இரவோடு இரவாக வெளியேறி மேல்நாட்டை அடைந்தார். பின்னர் அந்நூலைத் தம் சீடர்களுக்கு ஓதிவைத்தார். இன்றும் ஸ்ரீபாஷ்ய காலக்ஷேபம் நிகழும் இடங்களில் அது பயிலப்படுகிறது. கங்காதேவியின் காவியத்தைப் பாதுகாக்க அரண்மனை இருந்தது. அரண்மனையோ அழிந்தது. ஸுதர்சன பட்டரின் நூலைப் பாதுகாக்க இருந்தவர், மடியில் இரு பிள்ளைகளைச் சுமந்தோடிய ஓர் அந்தணர் மட்டுமே. ஆனால் அவருக்குப் பின் கேட்பவரும் சொல்பவருமான தொடர் ஒன்று இருந்தது. கவித்திறத்தில் காவியம் குறைந்தது என்று எவரும் கூறமாட்டார். தகுதியால் மட்டும் நூல்கள் வாழ்வதாக நினைப்போர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

இதற்கும் முன்னர், ஆழ்வார்களின் அருளிச்செயலே ஒருமுறை மறைந்து போயிற்று என்று ஸம்ப்ரதாயம் சொல்கிறது. காட்டுமன்னார்கோயிலில் எழுந்தருளியிருந்த நாதமுனிகள், யாத்திரையாக வந்த ஸ்ரீவைஷ்ணவர் சிலர் திருக்குடந்தை ஆராவமுதனைப் பற்றிய ஒரு பதிகத்தை ஓதக் கேட்டார். ஆயிரத்துள் இப்பத்து என்று அதன் முடிவில் வரக் கேட்டு, எஞ்சியவை எங்கே என்று வினவினார். ஓதியவர்களுக்கு அது தெரியாது. அதுவரை அப்பத்துப் பாசுரங்களைத் தாங்கி நின்றவர்கள், அவற்றின் அளவையும் வரலாற்றையும் அறியாத வழிப்போக்கர்கள்! நாதமுனிகள் திருக்குருகூருக்குச் சென்று, பராங்குச தாஸரிடம் கண்ணிநுண் சிறுத்தாம்பைப் பெற்று, அதனைப் பன்னீராயிரம் உரு ஜபித்து, நாலாயிரத்தையும் நம்மாழ்வாரிடமிருந்தே பெற்றார் என்பர். அவர் அதற்குமேல் செய்த காரியமே ஈண்டுக் கருதத்தக்கது. பெற்றதை ஏட்டில் எழுதிப் பேழையில் வைத்துவிடவில்லை. தம் மருமக்களான கீழையகத்தாழ்வானுக்கும் மேலையகத்தாழ்வானுக்கும் பண்ணும் தாளமும் அமைத்துப் பயிற்றினார். அத்யயன உத்ஸவத்தில் நாலாயிரமும் ஓதப்பெறும்படி செய்தார். மார்கழியில் பகல்பத்து, இராப்பத்து நாள்களில் அரையர் ஸேவையைக் காணும் அன்பர்கள் அந்த ஏற்பாட்டின் நடுவிலேயே அமர்ந்திருக்கின்றனர்.

மன்னரும் புலவருமாகிய இருநிலையும் ஒருங்கே வாய்த்தவர் கிருஷ்ணதேவராயர். 1509 முதல் 1529 வரை ஆண்ட அவருடைய வெற்றிகள் பல. தலைநகரோ 1565ஆம் ஆண்டுப் போருக்குப் பின் பாழாயிற்று. ஹம்பியில் அரண்மனைகள் இருந்த இடத்தில் இன்று கல் அடித்தளங்களே உள. ஆனால் ஆண்டாள் சூடிக்கொடுத்த வரலாற்றைத் தெலுங்கில் அவர் பாடிய ‘ஆமுக்தமால்யத’ இன்றும் பயிலப்படுகிறது. திருமலைக் கோயிலினுள்ளே திருமலாதேவியும் சின்னாதேவியும் இருபுறமும் நிற்க, கைகூப்பிய நிலையில் அவருடைய செப்புத் திருவுருவம் நிற்கிறது. பேரரசர் ஒருவரின் உருவத்தை வாளேந்தியும் வார்க்கலாம், பரிமேலும் வார்க்கலாம். இவரோ வருவோர் போவோரோடு தாமும் ஒருவராய்க் கைகூப்பி நிற்கத் திருவுள்ளம் பற்றினார். ஸேவிக்கச் செல்லும் கூட்டம் நாள்தோறும் அவரைக் கடந்தே செல்கிறது.

கட்டடங்களுள் முற்றுப்பெறாதவற்றுக்கும் ஒரு பெருமை உண்டு என்பதற்குத் திருவரங்கத்துத் தெற்கு ராஜகோபுரமே சான்று. அச்சுத தேவராயர் காலத்தில் தொடங்கப்பெற்று, கல்லாலான அடிப்பகுதி மட்டும் எழுந்த நிலையில் அது நின்றுபோயிற்று. அதன் கீழேதான் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் போய்வந்தனர். மொட்டைக் கோபுரம் என்பதே அதற்கு ஊரார் இட்ட பெயர். அஹோபில மடத்தின் 44ஆம் பட்டம் அழகியசிங்கர் அதனை நிறைவேற்றத் திருவுள்ளம் கொண்டு, 1979ஆம் ஆண்டு பணியைத் தொடங்கினார். பதின்மூன்று நிலைகளுடன் 236 அடி உயர்ந்த அக்கோபுரத்துக்கு 1987ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் கும்பாபிஷேகம் நடைபெற்றது. தொடங்கிய அரசரின் கருவூலத்தால் ஆகாத பணி, செல்வரும் எளியோரும் தத்தம் அளவுக்கு அளித்த பொருளால் ஆயிற்று. பின்னர் 2015ஆம் ஆண்டுக் கும்பாபிஷேகத்தை ஒட்டி நடந்த திருப்பணி, மரபு வழுவாமல் பழைமையைக் காத்தமைக்காக 2017ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாராட்டையும் பெற்றது.

படையெடுப்புக் காலத்துக்கு மீண்டும் ஒருமுறை திரும்ப வேண்டியிருக்கிறது. திருவரங்கத்திலிருந்து பிள்ளை லோகாசார்யர் முதலானோரால் மறைத்துக் கொண்டு செல்லப்பட்ட உத்ஸவ மூர்த்தி, மலைநாடு, திருநாராயணபுரம், திருமலை என்று பல இடங்களில் எழுந்தருளியிருந்து, சக ஆண்டு 1293இல், அதாவது 1371ஆம் ஆண்டில், செஞ்சியிலிருந்த கோபணார்யரால் மீண்டும் கோயிலில் ப்ரதிஷ்டை செய்யப்பெற்றார். கோபணாரின் பெயரையும் செயலையும் போற்றும் வடமொழிச் சுலோகங்கள் கோயிற் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றை அருளியவர் வேதாந்த தேசிகரே என்பது ஸம்ப்ரதாயம்.

அப்போது ஓர் இடர் நேர்ந்தது. இடைக்காலத்தில் வேறொரு திருமேனி எழுந்தருளப்பண்ணி ஆராதிக்கப்பட்டு வந்தது. மீண்டு வந்தவரே பழைய மூர்த்தியா என்று துணிந்து கூற, முன்பு கண்ணாரக் கண்டவர் எவரும் உயிரோடில்லை. அரசர் ஆணையும் கல்வெட்டும் இதற்கு உதவா. ஊரில் மிக முதிர்ந்த ஈரங்கொல்லி ஒருவர் இருந்தார். பெருமாளின் திருப்பரிவட்டங்களை வெளுக்கும் கைங்கர்யம் செய்தவர், கண்பார்வை அற்றவர். திருமஞ்சனம் செய்த ஈரவாடையைப் பிழிந்த தீர்த்தத்தை உட்கொண்டு பழகிய தமக்கு அச்சுவை தெரியும் என்றார் அவர். இரு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்து, ஈரவாடைத் தீர்த்தத்தை அவருக்கு அளித்தனர். மீண்டு வந்தவருடைய தீர்த்தத்தை வாயில் இட்டதும், இவரே நம்பெருமாள் என்று அவர் கூவினார் என்று கோயிலொழுகு கூறுகிறது. மற்றொரு மூர்த்தி திருவரங்க மாளிகையார் என்னும் திருநாமத்தோடு எழுந்தருளியிருக்கிறார்.

அந்த முதியவரை ஈரங்கொல்லி என்னும் தொழிற்பெயராலேயே ஸம்ப்ரதாயம் நினைவில் வைத்திருக்கிறது. அவர் வாயிலிருந்து வந்த சொல்லைக் கொண்டே திருவரங்கத்து உத்ஸவரை உலகம் அழைக்கிறது.