கடைசிக் கையைப் பிடிக்கும் சட்டம்

அன்புள்ள நிலா,

போதைப்பொருள் விற்று ஒருவர் சாகக் காரணமானவனைக் கொலைகாரனாகவே நடத்த வேண்டும் என்று பட்டிமன்றத்தில் பேசப்போவதாக எழுதியிருந்தாய். தாராளமாகப் பேசு. ஆனால் அதைச் சட்டமாகவே போட்டுப் பல ஆண்டுகளாக நடத்திவரும் நாடு அமெரிக்கா. அங்கே என்ன ஆனது என்று தெரிந்துகொண்டு மேடையேறு.

1986 ஜூன் 17 அன்று லென் பயஸ் என்ற கூடைப்பந்து வீரரை பாஸ்டன் செல்டிக்ஸ் அணி தேர்ந்தெடுத்தது. 19ஆம் தேதி அவர் கோகெய்னால் இறந்துபோனார். வயது 22. நாடே கொதித்தது, அது தேர்தல் ஆண்டு வேறு. அவசர அவசரமாக ஒரு சட்டம் தயாராகி, அக்டோபரில் அன்றைய அதிபர் ரீகன் கையெழுத்திட்டார். அதன்படி, கொடுத்த போதைப்பொருளால் மரணம் நேர்ந்தால் குறைந்தது 20 ஆண்டு சிறை. பயஸுக்குக் கோகெய்ன் கொடுத்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட நண்பரோ, மறு ஆண்டே விடுதலையாகிவிட்டார்.

இந்தச் சட்டத்தில் கொல்லும் எண்ணத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. காசு வாங்கியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கைமாற்றிக் கொடுத்தாலே போதும். அதனால் சிக்குகிறவன் பெரும்பாலும் கடத்தல் முதலாளியாக இருப்பதில்லை. செத்தவனின் செல்பேசியில் கடைசியாகப் பேசியவன்தான் முதலில் அகப்படுகிறான். பல வழக்குகளில் அவனும் அதே பழக்கத்துக்கு அடிமைப்பட்டவன், கூட்டாளி, சில சமயம் காதலி. பொட்டலத்தில் ஃபென்டனில் என்ற போதைமருந்து கலந்திருப்பது அவனுக்கே தெரியாமல் இருக்கலாம். சில உப்புத் துகள்கள் அளவு, வெறும் 2 மில்லிகிராம், ஆளைக் கொல்லக்கூடிய சரக்கு அது.

இந்தச் சட்டத்தின்கீழ் தண்டிக்கப்பட்ட பரேஜ் என்பவரின் வழக்கில் 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இறந்தவர் உடலில் ஹெராயினோடு வேறு பல மருந்துகளும் இருந்தன. ஹெராயின் இல்லாவிட்டாலும் அவர் இறந்திருப்பாரா என்ற கேள்விக்கு மருத்துவ நிபுணர்களால் அறுதியிட்டுப் பதில் சொல்ல முடியவில்லை. சாவுக்குத் துணைபோனது என்பது போதாது, அது இல்லாவிட்டால் சாவே நேர்ந்திராது என்று நிரூபிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸ்காலியா. குற்றவாளிகளிடம் இளகியவர் என்று அவரை யாரும் சொல்ல மாட்டார்கள்!

எனக்கு உறுத்துவது இன்னொன்று. ஃபென்டனில் மூச்சை அடக்கித்தான் கொல்கிறது. நலோக்சோன் மருந்தை மூக்கில் பீய்ச்சினால் பலர் பிழைத்துக்கொள்வார்கள். ஆனால் சில நிமிடங்களுக்குள் கொடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவன் யார்? பல சமயம் பொட்டலத்தைக் கொடுத்த அதே ஆள். ஆம்புலன்ஸை அழைத்தால் 20 ஆண்டு என்று அவனுக்குத் தெரிந்தால் என்ன செய்வான்? உதவிக்கு அழைப்பவரைக் காக்கும் சட்டங்கள் பெரும்பாலான மாநிலங்களில் உண்டு. ஆனால் போதைப்பொருள் வைத்திருந்த குற்றத்தோடு அந்தப் பாதுகாப்பு பல இடங்களில் நின்றுவிடுகிறது.

தெரிந்தே ஃபென்டனிலைக் கலந்து மூட்டை மூட்டையாக அனுப்புகிறவனுக்கு ஆயுள் தண்டனை என்றால் நானும் கைதட்டுவேன். உன் பேச்சில் அவனையும், நண்பனுக்குப் பாதி பொட்டலம் கொடுத்தவனையும் ஒரே சொல்லில் அடைத்திருக்கிறாய். நடுவர் அங்கேதான் உன்னை மடக்குவார். அந்த இடத்தைத் திருத்தி எழுதி அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
பெரியப்பா