பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் தொழில்: வேலையை விடறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க

மூணு வருஷத்துக்கு முன்னாடி நாங்க மயிலாப்பூர்ல இருந்து அடையாருக்கு வீடு மாறினோம். தூரம் நாலைந்து கிலோமீட்டர்தான். கொட்டேஷன்ல "டிரான்சிட் இன்சூரன்ஸ் 3 சதவீதம்" என்று ஒரு வரி இருந்தது. தொழிலால் நான் சி.ஏ. ஆனாலும் அன்னைக்கு இருந்த அவசரத்துல அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். புது வீட்டில் இறக்கிப் பார்த்தால் டிவி திரையில் மேலிருந்து கீழே ஒரு கோடு. அம்மாவோட கொலுப் பெட்டியில, தசாவதார செட்டில் வராகர் ரெண்டு துண்டு. பாலிசி நம்பர் கேட்டேன். "அனுப்பறோம் சார்" என்றார்கள். இன்னும் வரவில்லை, ஏன்னா பாலிசியே எடுக்கலை.

இந்தக் கதையை இப்போ சொல்றதுக்குக் காரணம், போன வருஷம் ஒரு தம்பி என் ஆபீசுக்கு வந்தார். ஐ.டி. கம்பெனியில் மாசம் 55,000 கைக்கு வருது. சித்தப்பா பையனோட சேர்ந்து வீடு, ஆபீஸ் ஷிஃப்டிங் தொழில் ஆரம்பிக்கப் போறாராம். பேப்பர் போட்டுட்டு, பி.எஃப். பணத்தை எடுத்து முன்பணம் கட்டி, ஒரு வண்டி வாங்கிடலாம்னு முடிவே பண்ணிட்டார். "அண்ணா, சென்னையில தினமும் எத்தனை பேர் வீடு மாறறாங்க, டிமாண்டுக்குப் பஞ்சமே இல்லை" என்றார். டிமாண்டுக்குப் பஞ்சமில்லைங்கறது உண்மைதான். ஆனா அந்த டிமாண்ட் எந்த நாள்ல வருது என்பதை அவர் பார்க்கலை.

முதல்ல ஒரு டிரிப் கணக்கு. நானும் அவரும் பேப்பர்ல போட்டது. உங்க ஏரியா ரேட்டுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க. ரெண்டு பெட்ரூம் வீடு, மயிலாப்பூர் டு அடையார், வாடிக்கையாளர் தர்றது 10,000 ரூபாய்னு வைப்போம். வாடகை வண்டி 2,500. லோடுமேன் நாலு பேர், தலைக்கு 1,000, ஆக 4,000. அட்டைப்பெட்டி, பபிள் ராப், ஸ்ட்ரெட்ச் ஃபிலிம், டேப் எல்லாம் 1,200. டீ, டிபன் 300. அந்த வாடிக்கையாளர் உங்களைக் கண்டுபிடிக்க நீங்க விளம்பரத்துக்கோ லீட் விக்கிற சைட்டுக்கோ கொடுத்த காசு 500. மொத்தம் 8,500. மிச்சம் 1,500.

55,000 சம்பளத்தை ஈடுகட்ட மாசம் 37 டிரிப் வேணும். இதுல குடோன் வாடகை, போன் பில், உங்க பார்ட்னர் பங்கு எதுவுமே இன்னும் சேர்க்கலை. பி.எஃப்.ல கம்பெனி போடற பங்கும், குடும்பத்துக்கு இருக்கிற மெடிக்கல் இன்சூரன்ஸும் சேர்த்தா உங்க சம்பளம் 55,000-த்தைத் தாண்டும், அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க. மாசம் 20 டிரிப் ஓட்டி 30,000 சம்பாதிக்கும்போது ஒரு டிவி உடைஞ்சா, அந்த மாச வருமானம் மொத்தமும் அதுலயே போயிடும்.

சரி, 37 டிரிப்பை மாசத்துக்குள்ள எங்கே வைப்பீங்க? இங்கேதான் நம்ம ஊர் பஞ்சாங்கம் வருது. ஆடி மாசம், அதாவது ஜூலை பாதியிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை, நம்மாட்கள் வீடு மாற மாட்டாங்க. மார்கழியும் அப்படித்தான். மத்த மாசங்கள்லயும் வாடகை ஒண்ணாம் தேதியிலிருந்து ஓடறதால கடைசி மூணு நாளும் முதல் மூணு நாளும் கூட்டம். அதுக்குள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதுவும் முகூர்த்த நாளா அமைஞ்சா, ஒரே காலையில அஞ்சு போன் வரும். அஞ்சு பேரும் "ராகு காலத்துக்கு முன்னாடி பால் காய்ச்சணும்"னுதான் கேப்பாங்க. உங்ககிட்ட இருக்கிறது ஒரு டீம். மூணு பேரை அனுப்பி வைக்க வேண்டியதுதான். அடுத்த பதினஞ்சு நாள் போன் சும்மா கிடக்கும்.

ஏரியாவுக்கு ஏரியா பிரச்சினையும் வேற. மயிலாப்பூர் மாட வீதிகள்ல பங்குனிப் பெருவிழா அறுபத்துமூவர் அன்னைக்கு வண்டியைக் கொண்டுபோக முடியாது. அதை ஒட்டியுள்ள சந்துகளில் பெரிய வண்டியே நுழையாது. குட்டியானையில ரெண்டு டிரிப் அடிக்கணும், அதை முன்கூட்டியே ரேட்டில் போடலேன்னா கைக்காசு போகும். தி.நகர்ல தீபாவளிக்கு முந்தின வாரங்கள்ல உஸ்மான் ரோடு பக்கம் போக நினைக்கவே வேண்டாம். மெட்ரோ ரெண்டாம் கட்ட வேலை லஸ், பனகல் பார்க், அடையார்னு நம்ம மூணு ஏரியாவையும் தொட்டிருக்கு. அடையார், பெசன்ட் நகர் அபார்ட்மென்ட்கள்ல அசோசியேஷன் விதி: சில இடத்துல ஞாயிறு ஷிஃப்டிங் கூடாது, சில இடத்துல லிஃப்டுக்குத் தனிக் காசு. வேலை எடுக்கும் முன் நேர்ல போய்ப் பாருங்க; குறைஞ்சபட்சம் வீடியோ காலில் பீரோவையும் படிக்கட்டையும் பாருங்க. "சாமான் கொஞ்சம்தான்"னு சொல்ற வீட்டிலதான் பரண் மேல பத்து மூட்டை இருக்கும்.

இப்போ வண்டி விஷயம். தம்பி வாங்க நினைச்ச சிறிய ரக சரக்கு வண்டிக்கு 5.5 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, 48 மாசம்னு போட்டால் இ.எம்.ஐ. சுமார் 14,200. டிரைவர் சம்பளம் 20,000. இன்சூரன்ஸ், வரி, எஃப்.சி., டயர், பார்க்கிங் எல்லாம் மாசத்துக்குப் பிரிச்சு 6,000. ஆக, வண்டி நகர்ந்தாலும் நகராட்டியும் மாசம் 40,200 போகுது. சொந்த வண்டியால ஒரு டிரிப்புக்கு மிச்சமாகறது 2,500 வாடகையில் டீசல் 500 போக 2,000. அப்போ மாசம் 20 டிரிப் ஓட்டினாத்தான் சொந்த வண்டியும் வாடகை வண்டியும் சமம். 21-ஆவது டிரிப்பிலிருந்துதான் லாபம். ஆடியில நாலு டிரிப் ஓடினா, அந்த வண்டி உங்க கையிலிருந்து 32,000 எடுத்துடும்.

அதனால முதல் வருஷம் வண்டி வேண்டாம் என்பது என் கருத்து. போர்ட்டர் மாதிரி ஆப் இருக்கு, ஒவ்வொரு ஏரியாவிலும் வண்டி ஸ்டாண்ட் இருக்கு. தேவைப்படற அன்னைக்கு மட்டும் எடுங்க. முதல் பணத்தை நல்ல பேக்கிங் சாமான், டிராலி, போர்வை, கயிறு, அதைவிட முக்கியமா ரெண்டு நல்ல லோடுமேன்கள் மேல போடுங்க. கிரைண்டரையும் ஃபிரிட்ஜையும் மூணு மாடி இறக்கத் தெரிஞ்ச ஆளுக்கு வேலை இல்லாத நாளிலும் கொஞ்சம் காசு கொடுத்துத் தக்க வச்சுக்கறது செலவு இல்லை. 10 பேர் ஆனால் இ.எஸ்.ஐ., 20 பேர் ஆனால் பி.எஃப். பொருந்தும். அதுக்கு முன்னாடியே அவங்களுக்கு ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துடுங்க. முதுகு பிடிச்சுக்கிட்டா அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

ஆடியை எப்படி ஓட்டறது? ஆபீஸ் ஷிஃப்டிங். பெரும்பாலான ஆபீஸ்கள் லீஸ் முடியற தேதியைத்தான் பார்க்கும், சனிக்கிழமை ராத்திரி ஆரம்பிச்சு திங்கள் காலைக்குள்ள முடிக்கச் சொல்லும். தி.நகர்ல இருக்கிற ஆடிட்டர் ஆபீஸ்கள், கோச்சிங் சென்டர்கள், சின்ன ஐ.டி. ஆபீஸ்கள் இதுக்கு நல்ல ஆரம்பம். எந்த கேபிள் எந்த மேஜை, எந்த ஃபைல் எந்த அலமாரி என்று நம்பர் ஒட்டி, அதே நம்பர்ல திரும்ப வைக்கறவருக்கு அவங்க கூடுதலா தரத் தயங்க மாட்டாங்க. சிக்கல், பணம் உடனே வராது. உத்யம் பதிவு இலவசம், அதை முதல் நாளே பண்ணிடுங்க. குறுந்தொழிலுக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லைன்னா 15 நாளுக்குள் பணம் தரணும். தராட்டி அந்தச் செலவை அந்த வருஷக் கணக்கில் கழிக்க முடியாதுன்னு வருமான வரியில 43பி(எச்) கொண்டு வந்தாங்க. மார்ச் மாசம் அக்கவுன்ட்ஸ் ஆளுக்கு இதை ஞாபகப்படுத்தினா செக் வரும்.

ஆபீஸ் வேலையில இன்னொண்ணு. வீட்டில் உபயோகிச்ச சாமானுக்கு இ-வே பில் தேவையில்லை. ஆபீஸ் மேஜை நாற்காலி, கம்ப்யூட்டருக்கு அந்த விலக்கு இல்லை. தமிழ்நாட்டுக்குள்ள மதிப்பு 1 லட்சத்தைத் தாண்டினா டெலிவரி சலானும் இ-வே பில்லும் கேட்டு வாங்கிட்டுத்தான் வண்டியை எடுக்கணும்.

ஜி.எஸ்.டி. பற்றிச் சுருக்கமா. சேவைத் தொழிலுக்கு வருஷ வரவு 20 லட்சம் தாண்டினா பதிவு. பதிவே இல்லாம பில்லில் "ஜி.எஸ்.டி. 18 சதவீதம்"னு போட்டு வசூல் பண்றவங்க இருக்காங்க, அது நேரடியா குற்றம். கன்சைன்மென்ட் நோட் கொடுத்து சரக்கு ஏற்றும் ஏஜென்சியா இருந்தா, 2025 செப்டம்பர் 22-லிருந்து உள்ளீட்டு வரி எடுக்காம 5 சதவீதம், எடுத்தால் 18 சதவீதம். போக்குவரத்தோட சேர்ந்து வர்ற பேக்கிங், ஏத்தி இறக்கறது எல்லாம் ஒரே சேவையாத்தான் பார்க்கப்படும்னு 2024 அக்டோபர்ல ஒரு சுற்றறிக்கை தெளிவுபடுத்தியிருக்கு. நீங்க எந்த வகை என்பதை பில் புத்தகம் அச்சடிக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க.

வருமான வரியில, வண்டி வாங்கின பிறகு 44ஏஇ என்ற வசதி இருக்கு. பத்து வண்டிக்கு மேல இல்லாதவர், 12 டன்னுக்குள் உள்ள ஒவ்வொரு வண்டிக்கும் மாசம் 7,500 வருமானம்னு காட்டிடலாம். ஒரு வண்டிக்கு வருஷம் 90,000. ஆனா இது சொந்த வண்டி ஓட்டற வருமானத்துக்குத்தான்; வாடகை வண்டியில செய்யற ஷிஃப்டிங்குக்கு அதைக் காட்ட முடியாது. வேலையில இருந்துக்கிட்டே செய்யறவங்க ஐ.டி.ஆர்.-1 தாக்கல் பண்ணக் கூடாது என்பதையும், உங்க கம்பெனி அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல வெளித்தொழில் பற்றி என்ன எழுதியிருக்குன்னும் பாருங்க.

இனி என் டிவிக்கு வருவோம். மூவர் இன்சூரன்ஸ் கம்பெனி இல்லை. 3 சதவீதம் வாங்கினா, ஏதாவது ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி நம்பரும் வாடிக்கையாளர் பெயர் போட்ட சான்றிதழும் அவர் கையில இருக்கணும். (லாரியில போனாலும் இது 'மரைன்' வகைக் காப்பீட்டில்தான் வரும். மயிலாப்பூர்லேர்ந்து அடையாருக்குக் கடல் வழியா போனோமோன்னு கேக்காதீங்க.) அதுலயும் 'ஏ' கிளாஸ் எல்லா ஆபத்துக்கும், 'பி' கிளாஸ் குறிப்பிட்ட சில ஆபத்துகளுக்கு மட்டும். வண்டி கவிழ்ந்தா 'பி'யில வரும். கை தவறி விழுந்த கண்ணாடி வராது. எது எடுத்திருக்கீங்கன்னு வாடிக்கையாளர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க.

இன்சூரன்ஸ் இல்லாட்டியும் பொறுப்பு போயிடாது. சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007, அதன் 2011 விதிகள்படி, மதிப்பை அதிகமா அறிவிக்காத சரக்குக்குக் கேரியரின் பொறுப்பு வாங்கின கூலியில பத்து மடங்கு வரை. 10,000 வாங்கினா 1 லட்சம் வரை. உங்க 1,500 லாபத்தோட அந்த 1 லட்சத்தையும் பக்கத்துல எழுதிப் பாருங்க. அதனாலதான் ஏத்தும்போதே சாமான் பட்டியல், போட்டோ, ஏற்கெனவே இருக்கிற கீறல், வாடிக்கையாளர் கையெழுத்து எல்லாம் வேணும். கொலு பொம்மை, தஞ்சாவூர் படம் மாதிரி சாமான்களை "நீங்களே கையில எடுத்துட்டு வாங்கம்மா"ன்னு பணிவா சொல்றது நல்லது.

அப்புறம் ஒரு ஆசை காட்டுவாங்க. வங்கி, மத்திய அரசு ஊழியர்களுக்கு டிரான்ஸ்ஃபர்ல சாமான் கொண்டுபோன செலவு திரும்பக் கிடைக்கும். மத்திய அரசில் லெவல் 6-லிருந்து 11 வரை 6,000 கிலோ வரைக்கும் அனுமதி. நேர்மையா அந்த வேலையைச் செய்தா அது அருமையான வாடிக்கை. ஏழாவது சம்பளக் கமிஷனுக்கும் பல வருஷம் முன்னாடியே, 1987-ல் ஆரம்பிச்ச அகர்வால் பேக்கர்ஸ் மாதிரி நிறுவனங்கள் வளர்ந்ததுல ஊர் மாறும் உத்தியோகஸ்தர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனா சிலர், "சாமான் எதுவும் கொண்டுபோகலை, பில் மட்டும் கொடுங்க, அஞ்சு சதவீதம் தர்றேன்"னு வருவாங்க. ஒரு பில்லுகூடக் கொடுக்காதீங்க. சேவையே நடக்காம பில் கொடுக்கறது ஜி.எஸ்.டி. சட்டத்தில் அபராதத்துக்கு உரிய குற்றம், தொகை பெரிசானா சிறை வரைக்கும் போகும். டோல் பதிவையும் வண்டி நம்பரையும் ஒப்பிட்டாலே மாட்டிக்குவீங்க. ஸ்கூட்டர் நம்பர் போட்ட லாரி பில்லை நானே ஆடிட்ல பார்த்திருக்கேன்.

விளம்பரத்துலயும் குறுக்கு வழி வேண்டாம். பிரபலமான மூவர் பெயரைத் தேடினா தன் விளம்பரம் வர்ற மாதிரி வைக்கறது இந்தத் தொழில்ல சகஜம். அகர்வால் பெயரின் உரிமையாளரான டி.ஆர்.எஸ். லாஜிஸ்டிக்ஸ் இதுக்காக கூகுள் மேலயே வழக்குப் போட்டது. 2023 ஆகஸ்ட் 10-ல் டெல்லி உயர் நீதிமன்றம், கீவேர்டா வைக்கறதே மீறல் ஆகிடாது, ஆனா வாடிக்கையாளர் குழம்பற மாதிரி இருந்தா கூகுளும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று சொன்னது. அந்தக் காசுக்கு அடையார், இந்திரா நகர் வீட்டு புரோக்கர்கள் பத்து பேரைப் போய்ப் பாருங்க. வீடு முடியற செய்தி முதல்ல அவங்களுக்குத்தான் தெரியும்.

தம்பி பேப்பர் போடலை. சனி, ஞாயிறு மட்டும் செய்யறார், சித்தப்பா பையன் வார நாள் பார்த்துக்கறார். தனி வங்கிக் கணக்கு, ஒவ்வொரு டிரிப்புக்கும் எக்ஸெல்ல ஒரு வரி. போன ஆடியில வீடு ஒண்ணுகூட இல்லை, ஆபீஸ் மூணு. போன மாசம் போன் பண்ணி, "அண்ணா, இப்போ வண்டி எடுக்கலாமா?" என்றார். எத்தனை டிரிப்னு கேட்டேன். பதினாலு. "இருபத்தொண்ணு தொடர்ந்து ஆறு மாசம் வரட்டும், அப்புறம் பேசலாம்"னு சொல்லி வச்சிருக்கேன்.