ஃபைல் அனுப்ப ரூட் சாவி எதற்கு?



போன வருஷம் ஒரு நிறுவனத்துக்கு இன்-பிளான்ட் டிரெயினிங் போயிருந்தேன். பில் போடும் சாஃப்ட்வேர் அங்கே ஒரு லினக்ஸ் சர்வரில் ஓடியது. அதன் ரூட் பாஸ்வேர்டு மூன்று பேருக்குத் தெரியும். நாலாவதாக எனக்கும் கொடுத்தார்கள். ரூட் என்றால் அந்த சர்வரில் எதையும் செய்யலாம், தடுக்க ஆள் கிடையாது. எனக்குத் தலைகால் புரியவில்லை!

ஒரு நாள் சாயங்காலம் ரூட்டாகவே நுழைந்து, பழைய ஃபோல்டரை எடுத்துவிட்டுப் புது ஃபோல்டரை அனுப்பி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் கவுண்டரில் ஒரு பில்கூட வரவில்லை. ரூட்டாக அனுப்பினால் அந்த ஃபோல்டருக்குச் சொந்தக்காரரும் ரூட்தான். பில் புரோகிராமோ ஒரு சாதாரண யூசர் பெயரில் ஓடுகிறது. அதனால் அதில் எழுத முடியவில்லை.

லாகைப் பார்த்தால் 'ரூட்' என்றுதான் இருந்தது. எல்லோரும் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து நுழைவதால் யார் என்று தெரியவில்லை. திட்டு வாங்கியது அங்கே கான்ட்ராக்டில் இருந்த ஓர் அண்ணன். மத்தியானம் வரை வாயே திறக்காமல் இருந்தேன். அப்புறம் மனசு கேட்காமல் "சார், நான்தான்" என்று ஒப்புக்கொண்டேன். அண்ணன் கோபப்படவில்லை. "தம்பி, தப்புல பாதி உன்னுது. ஒரே சாவியை நாலு பேர்கிட்ட கொடுத்தது மீதிப் பாதி. வா, சரியா செய்யறது எப்படின்னு காட்டறேன்" என்றார்.

அன்று கற்றதை இங்கே தருகிறேன்.

ஃபைல் அனுப்பும் எஃப்டிபி முறையை 1971-ல் முதலில் எழுதியவர் கான்பூர் ஐஐடியில் படித்த அபய் பூஷண். அதில் பாஸ்வேர்டு மறைக்கப்படாமல் அப்படியே போகும், வழியில் ஒட்டுக்கேட்கலாம். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் அப்படிப் பாஸ்வேர்டுகள் திருடு போன பிறகு, 1995-ல் டாட்டு யுலோனென் எஸ்எஸ்ஹெச் முறையை உருவாக்கினார். அதன் போர்ட் எண் 22. அதற்குள்ளேயே ஃபைல் அனுப்பும் வழிதான் எஸ்எஃப்டிபி. ஆனால் வழி பத்திரமாக இருந்தால் போதாது, நுழைகிறவனின் அதிகாரமும் அளவோடு இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை:

1. ஆளுக்கு ஒரு யூசர் பெயர். ரூட் வேலைக்கு 'சூடோ' போதும். அது வேலை செய்கிறது என்று பார்த்தபின், ரூட் நேரடியாக நுழைவதை எஸ்எஸ்ஹெச் அமைப்பில் நிறுத்திவிடுங்கள்.

2. ஃபைல் அனுப்புகிறவர்களுக்குத் தனி குரூப். அவர்களுக்கு 'இன்டர்னல்-எஸ்எஃப்டிபி' மட்டும் ஓடட்டும், கட்டளை அடிக்கும் ஷெல் வேண்டாம்.

3. 'க்ரூட் டைரக்டரி' மூலம் அவர்களை ஒரே ஃபோல்டருக்குள் அடைக்கலாம். அந்த வெளி ஃபோல்டர் ரூட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், வேறு யாரும் அதில் எழுதக் கூடாது. இல்லையென்றால் லாகினே ஆகாது. பலர் மண்டையை உடைத்துக்கொள்வது இங்கேதான். எழுதுவதற்கு உள்ளே ஒரு சின்ன ஃபோல்டரை அந்த யூசர் பெயரில் போடுங்கள்.

4. அமைப்பை மாற்றியதும் பழைய செஷனை மூடாதீர்கள். இன்னொரு விண்டோவில் புதிதாக நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்தால்தான் பழையதை மூடலாம். இல்லாவிட்டால் நம்ம வீட்டுக்கே நாம் வெளியே!

5. ஃபைல் போனதும் இரண்டு பக்கமும் எஸ்ஹெச்ஏ-256 எண்ணை ஒப்பிடுங்கள். சரியாக இருந்தால், பொறுப்பாளர் சூடோ மூலம் அதை உரிய இடத்தில் வைத்து, சரியான சொந்தக்காரர் பெயரையும் போடட்டும்.

இப்படிச் செய்தால் தப்பு நடந்தாலும் லாகில் செய்தவர் பெயர் இருக்கும். நாளைக்கு நாமும் வேலைக்குப் போவோம். யாராவது ரூட் பாஸ்வேர்டை நீட்டினால் பெருமையாக வாங்கிக்கொள்ளாதீர்கள், "எனக்குத் தனி யூசர் போடுங்க சார்" என்று கேளுங்கள். நாம் செய்த தப்புக்கு இன்னொருவர் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்தவன் சொல்கிறேன்.