தானே உருளும் தொடர்வண்டி

மரைன் ஹில் மேட்டுச் சாலையில் சுமையேற்றிய லாரி நின்றால், உடன் வந்தவர் முதலில் இறங்கிப் பின்சக்கரத்தின் அடியில் ஒரு கல்லை வைப்பார். ஓட்டுநர் பிரேக்கை இழுத்துவிட்டார் என்பது மட்டும் அவருக்குப் போதுவதில்லை. அந்தமானில் பயணிகள் தொடர்வண்டி ஓடுவதில்லை. கப்பலேறிச் சென்னை சென்ற பிறகே இங்குள்ள பிள்ளைகள் பலர் அதனைக் காண்கின்றனர். ஆயினும் அந்தக் கல்லின் பயனை அறிந்தவர்க்கு இப்பாடம் கடினமன்று.

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. அதனாலேயே ஓர் எஞ்சினால் ஆயிரக்கணக்கான டன் சரக்கை இழுக்க முடிகிறது. அதே காரணத்தால், கண்ணுக்குப் புலப்படாத சரிவிலும் நிற்கும் வண்டி தானாக உருளக்கூடும்.

2024 பிப்ரவரி 25 அன்று காலையில் ஜம்மு காஷ்மீரின் கத்துவா நிலையத்தில் இதுவே நிகழ்ந்தது. ஜல்லி ஏற்றி நின்ற சரக்குத் தொடர்வண்டி ஒன்று, ஓட்டுநர் எவருமின்றிச் சரிவில் நகரத் தொடங்கியது. ஐம்பதுக்கு மேற்பட்ட பெட்டிகள்! நிலையம் நிலையமாகக் கடந்து அது விரைந்தது. வழியிலிருந்த கடவுப்பாதைகள் அடைக்கப்பட்டன. 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பின், பஞ்சாபில் ஊஞ்சி பஸ்ஸி என்னும் இடத்தில் அது நிறுத்தப்பட்டது. தண்டவாளத்தில் வைத்த மரக்கட்டைகளும் அதற்கு உதவின. உயிரிழப்பு எதுவும் இல்லை. கனடாவின் லாக் மெகான்டிக் நகருக்கு அந்த நற்பேறு வாய்க்கவில்லை. 2013 ஜூலை 6 அன்று, கச்சா எண்ணெய் ஏற்றிய தொடர்வண்டி இரவில் தானே உருண்டு வந்து நகரின் நடுவே தடம்புரண்டு எரிந்தது. 47 பேர் மாண்டனர்.

வண்டியில் பிரேக் இல்லையா என்னும் ஐயம் எழலாம். தொடர்வண்டியின் பிரேக்குகள் அழுத்தப்பட்ட காற்றினால் இயங்குபவை. ஓடும்போது குழாய் அறுந்தாலும் அவை தாமே பற்றிக்கொள்ளும். அந்த அளவில் அவை நம்பத்தக்கவை. ஆனால் எஞ்சினை அணைத்துவிட்டு நெடுநேரம் நிறுத்தினால் காற்று சிறிது சிறிதாகக் கசியும், பிடியும் தளரும். ஆகவே, நிற்கும் வண்டிக்குக் கைப்பிரேக்கைத் திருகி இறுக்குவதும், சக்கரத்தைச் சங்கிலியால் தண்டவாளத்தோடு பிணிப்பதும், ஆப்புக்கட்டை வைப்பதும் கட்டாயமாகும்.

இவற்றையும் மீறி வண்டி உருண்டால் பாதையே அதனைத் தடுக்க வேண்டும். மும்பைக்கும் புனேவுக்கும் இடையிலுள்ள போர் கணவாயில், 37 மீட்டர் தொலைவுக்கு 1 மீட்டர் வீதம் பாதை இறங்குகிறது. அங்கே முதன்மைப் பாதையிலிருந்து பிரிந்து, மேட்டை நோக்கி ஏறும் கிளைப்பாதைகள் உள்ளன. ‘கேட்ச் சைடிங்’ என்பது அவற்றின் பெயர். இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு: பாதை எப்போதும் அந்தக் கிளையை நோக்கியே திருப்பி வைக்கப்பட்டிருக்கும். இறங்கி வரும் வண்டி அதன் முன்னர் நின்று, தான் கட்டுப்பாட்டில் இருப்பதை மெய்ப்பிக்க வேண்டும். அதன் பின்னரே முதன்மைப் பாதை திறக்கும். நிற்க இயலாத வண்டியோ கிளையில் ஏறி, மேட்டிலும் மணலிலும் விரைவிழந்து அடங்கிவிடும்.

நிலையத்தை நோக்கிச் சரிவு 80-க்கு 1 என்பதைவிடச் செங்குத்தாயின் கேட்ச் சைடிங் வேண்டும் என்பது இந்திய இரயில்வேயின் விதி. நிலையத்திலிருந்து வெளிப்புறமாக 100-க்கு 1 என்பதைவிடச் செங்குத்தாக இறங்கினால், ‘ஸ்லிப் சைடிங்’ அமைப்பர். நிலையத்திலிருந்து நழுவும் பெட்டியை அது ஒதுக்கி விடும். அப்பெட்டி கவிழ்ந்தாலும் கவிழட்டும். எதிரே வரும் பயணிகள் வண்டியில் அது மோதலாகாது.

நீலகிரி மலைப்பாதையில் முறையே வேறு. கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பற்களுடைய சட்டம் ஒன்று கிடக்கிறது. எஞ்சினின் பற்சக்கரம் அதில் பொருந்தி நகர்கிறது. எஞ்சின் எப்போதும் தாழ்ந்த பக்கத்திலேயே இருக்கும். ஏறும்போது தள்ளும், இறங்கும்போது தாங்கும். பெட்டிதோறும் பிரேக் பணியாளர் ஒருவர் நின்று, கொடியசைவைக் கண்டு பிரேக்கை இயக்குவார். 1899-இல் குன்னூர் வரை திறக்கப்பட்ட அப்பாதையில் இம்முறை இன்றும் தொடர்கிறது.

அருஞ்சொற்பொருள்: கணவாய் – மலையிடை வழி, பிணித்தல் – கட்டுதல், மெய்ப்பித்தல் – உண்மையெனக் காட்டுதல்.

வினாக்கள்
1. காற்று பிரேக் இருந்தும் ஆப்புக்கட்டை ஏன் தேவைப்படுகிறது?
2. கேட்ச் சைடிங்கை நோக்கியே பாதையைத் திருப்பி வைப்பதன் காரணம் யாது?
3. நீலகிரியில் எஞ்சின் மேட்டுப் பக்கத்தில் இணைக்கப்பட்டால் என்ன நேரலாம்? உம் சொந்த நடையில் எழுதுக.