சிற்றிடத்தில் பூனை மகிழ்ந்து வாழுமா?

தோட்டத்து லயத்தில் வளரும் பூனை பால்மரக் காட்டிலும் செம்பனை நிரையிலும் தன் விருப்பம்போல் திரியும். அடுக்குமாடி வீட்டிற்குக் குடிபெயரும் சிலர், அச்சிறு இடத்தில் பூனை துன்புறும் என எண்ணி, அதனை லயத்திலேயே விட்டுச் செல்கின்றனர். இது முறைதானா என ஆராய்வோம்.

பூனை நாளின் பாதிக்கு மேல் உறங்கிக் கழிக்கும் பிராணி. விடியலிலும் அந்தியிலுமே அதன் வேட்டையுணர்வு மிகும். ஆதலின், அதற்குப் பரந்த நிலத்தைவிட ஏறி அமர உயரமான இடம், ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டி, நகம் கீறக் கட்டை, தூய மணல் தட்டு, வெளியே நோக்கச் சன்னல் ஆகியவையே தேவை. காலையும் மாலையும் சிறிது நேரம் கயிற்றை ஆட்டி விளையாடினால் வேட்டை ஆசையும் தணியும்.

சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் நெடுங்காலம் பூனை வளர்க்கத் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல், ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை உரிமத்துடன் வளர்க்கலாம். மாடி வீட்டுச் சன்னலுக்கு வலை அடித்தல் இன்றியமையாதது. உயரத்திலிருந்து விழும் பூனைக்கும் எலும்பு முறியும்.

உண்ணாது ஒளிந்திருத்தலும், ஓயாது உடலை நக்கி மயிர் உதிர்தலும் துன்பத்தின் அறிகுறிகள். வெளியில் திரிந்த பூனை புது வீட்டிற்குப் பழகச் சில வாரங்கள் ஆகலாம்; முதலில் ஓர் அறையில் வைத்துப் பொறுமையுடன் பழக்குதல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! நம் கையால் உண்டு வளர்ந்த உயிர், ஆளில்லாத லயத்தில் பசித்திருக்கலாகாது. குடிபெயரும் இடத்தின் விதிகளைப் பெற்றோருடன் கேட்டறிந்து, அதனையும் உடன் அழைத்துச் செல்வீர்களாக!