மண்டையில் ஏறவில்லையா?



சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு பூசை முடிந்து வெளியே வருகையில், ஒரு தாய் தம் மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து என்முன் நிறுத்தினார். மூன்றாம் வகுப்புப் பிள்ளை. “சாமி, இவனுக்கு ஒண்ணும் மண்டையில ஏறமாட்டேங்குது. டீச்சர்கிட்ட சொல்லி நாலு போடச் சொல்லுங்க” என்றார். நானும் பள்ளித் தாளாளர் என்ற தோரணையில் பையனுக்கு இரண்டு கடுமையான வார்த்தை சொல்லி அனுப்பினேன். அவன் வாய் திறக்கவில்லை.

பத்து நாள் கழித்து அவனுடைய ஆசிரியை வந்து சொன்ன செய்தியைக் கேட்டு நான் தலைகுனிந்தேன். எழுதச் சொன்னால் மற்றப் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்ப்பார்கள். இவன் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்ப்பான். அவன் பிழையாக எழுதினால் இவனும் அதே பிழையை எழுதுவான். காப்பியடிக்கிறான் என்று தண்டிப்பது எளிது. ஆசிரியை அப்படிச் செய்யாமல், ஒரு நாள் அவனை முன்வரிசையில் உட்காரவைத்துப் பார்த்தார். அன்று அவன் பலகையைப் பார்த்துத் தானாகவே எழுதினான். அரசு ஆஸ்பத்திரியில் சோதித்தபோது கிட்டப்பார்வை என்று தெரிந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த முதல் நாள், “எழுத்தெல்லாம் தனித்தனியா இருக்கு டீச்சர்” என்றானாம். அதுவரை எல்லாருக்கும் பலகை அப்படி மங்கலாகத்தான் தெரியும் என்று நினைத்திருக்கிறான். மெல்ல மெல்ல மங்கிய பார்வையைப் பிள்ளை எப்படி வாய்விட்டுச் சொல்லும்? (அந்தக் குடும்பத்தார் சம்மதித்தபடியால் இதை எழுதுகிறேன்.)

இதிலிருந்து நாம் ஆலோசிக்க வேண்டியது என்னவெனில்: ஆரம்பப் பள்ளிக்கூடத்துக்கு வருவது புத்தி மட்டுமல்ல. கண், காது, வயிறு, மனது எல்லாம் சேர்ந்தே வருகின்றன. இவற்றில் ஒன்று நோயாயிருந்தால் பாடம் உள்ளே போகாது. ஆகையால் பிள்ளை படிக்கவில்லை என்றால் முதலில் தேடவேண்டியது பிரம்பையல்ல, காரணத்தை.

வயிற்றை எடுத்துக்கொள்வோம். பசியோடிருக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை நம் நாட்டார் நெடுநாளாக அறிவார்கள். 1920-ல் சர் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கிலிருந்த தன் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக்கூடாதென்பது ஏற்பாடு. 1956-ல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு ஊர்தோறும் பரவியது. ஊரார் கொடுத்த அரிசியும் காய்கறியும் அதற்குப் பெருந்துணையாயிருந்தன. 1982 சூலை முதல் நாள் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். பிறகு முட்டையும் சேர்ந்தது.

ஆனால் மதிய உணவு மதியத்தில்தான் வரும். காலை ஒன்பதரை மணிக்குக் கணக்குப் பாடம் நடக்கும்போது வயிற்றில் என்ன இருக்கிறது? தாய் விடியுமுன் நாற்று நடவோ, கட்டட வேலைக்கோ போய்விட்ட வீட்டில், ஒரு டம்ளர் காப்பியோடு கிளம்பி வரும் பிள்ளைகள் உண்டு. இந்தக் குறையைத் தீர்க்கவே 2022 செப்டம்பரில் 1,545 அரசு ஆரம்பப் பள்ளிகளில் காலை உணவு தொடங்கியது. மறு ஆண்டு ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கும் வந்தது. 2024 சூலை 15 முதல் நம்முடையது போன்ற கிராமத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகரத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் கிடைத்தது. உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் பெரிய விருந்தல்ல. ஆயினும் முதல் பாடவேளையில் மேசைமேல் தலைசாய்க்கும் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று நம் ஆசிரியைகள் சொல்லுகிறார்கள். “எங்கள் பிள்ளை என்ன, பள்ளியில் சாப்பிடுகிற நிலையிலா இருக்கிறான்?” என்று சில வீடுகளில் கௌரவம் பார்க்கிறீர்களே, வேண்டாம். பக்கத்துப் பிள்ளை சாப்பிடுவதை வெறும் வயிற்றோடு பார்த்துக்கொண்டிருப்பதில் என்ன கௌரவம்?

ஆண்டுக்கு இருமுறை கொடுக்கும் பூச்சி மாத்திரையும், வாரந்தோறும் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையும் இதைச் சேர்ந்தவையே. குடலில் பூச்சி இருந்தால் உண்ட சத்தை அது பங்குபோட்டுக்கொள்ளும். இரத்தம் குறைந்த பிள்ளை சோர்ந்திருக்கும். சோர்வை நாம் சோம்பல் என்போம். காதும் அப்படியே. அடிக்கடி சளிபிடித்துக் காதில் சீழ் வடியும் பிள்ளைக்குக் கேள்வி மந்தமாகும். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைத் திமிர் பிடித்தவன் என்று சொல்லுமுன், பின்னாலிருந்து மெதுவாக ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள்.

இனிப் பாடத்துக்கு வருவோம். ஒரே வகுப்பிலிருக்கும் முப்பது பிள்ளைகளும் ஒரே படியில் நிற்பதில்லை. கொரோனாக் காலத்தில் பள்ளி மூடிக்கிடந்த பிறகு இது வெளிப்படையாயிற்று. மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள் இருந்தார்கள். 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அவரவர் நிற்கிற படியிலிருந்து கற்பிக்கிறார்கள். சில பெற்றோர் வந்து “என் பிள்ளையை ஏன் அரும்பில் வைத்தீர்கள்?” என்று சண்டைபிடித்தார்கள். அரும்பு என்பது வசவல்ல. அங்கிருந்துதான் அவனுக்கு ஏணி போடவேண்டும் என்பதே பொருள்.

நிற்க, அடி விஷயம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளையை உடலில் தண்டிப்பதையும் மனத்தை வதைப்பதையும் தடை செய்கிறது. 2014-ல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் சிறுபான்மையோர் பள்ளிகளைக் கட்டாது என்று தீர்ப்பளித்தது உண்மையே. ஆனால் பிள்ளையின் முதுகுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நம் பள்ளியில் அடி கிடையாது. கேட்டுக்கொள்கிற பெற்றோருக்காகவும் கிடையாது. பயந்த பிள்ளை தெரியாததைத் தெரியாது என்று சொல்லாது. தெரிந்தாற்போல் நடிக்கும், பக்கத்து நோட்டைப் பார்க்கும். அப்புறம் ஆசிரியை எதை வைத்துத் திருத்துவார்?

வீட்டில் உங்களுக்குள்ள பங்கு சொற்பமே. பிள்ளையை இரவு ஒன்பது மணிக்குள் படுக்கவையுங்கள், கைப்பேசியைப் பாயிலிருந்து தள்ளிவையுங்கள். “இன்றைக்கு எத்தனை மார்க்கு?” என்பதற்கு முன்னால் “இன்றைக்கு யாரோடு விளையாடினாய்?” என்று கேளுங்கள். விளையாட ஆளில்லாத பிள்ளை வீட்டில் சொல்லாத துன்பத்தைச் சுமக்கலாம். மருத்துவக் குழு வரும் நாளை நோட்டில் எழுதி அனுப்புவோம். கலியாணம், காதுகுத்து என்று அன்று பிள்ளையை நிறுத்திவிடாதீர்கள்.

அந்தப் பையனைக் குறித்து இன்னும் ஒன்று. மற்றப் பிள்ளைகள் “சோடாபுட்டி” என்று கேலி செய்ததால் ஒரு வாரம் கண்ணாடியைப் பைக்குள் ஒளித்துவைத்தான். ஆசிரியை அவனைத் திட்டவில்லை. பள்ளிக்குத் தாம் போட்டுவராத தம் கண்ணாடியை மறுநாள் போட்டுக்கொண்டு வந்து பாடம் நடத்தினார். பையன் இப்போது நான்காம் வகுப்பு. கண்ணாடியோடு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான்.