'ஹேவ்' பழகுங்கள்: ஆங்கிலம் பேசத் தொடங்கும் பிள்ளைகளுக்கு

தமிழ் வழியில் படித்துவிட்டு, வேலைக்காகவும் நேர்காணலுக்காகவும் இப்போது ஆங்கிலம் பேசத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். ஒரே ஒரு வினைச்சொல்லைப் பற்றித்தான். ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் வினைகளில் 'ஹேவ்' ஒன்று. சொந்தம், சொத்து, நோய், சாப்பாடு, கட்டாயம், முடிந்த காரியம் எல்லாவற்றுக்கும் இதுவே வந்து நிற்கும். இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் அன்றாடப் பேச்சில் பாதி பயம் போய்விடும்.

1. முதலில் உங்கள் 'எனக்கு'வைக் கவனியுங்கள். 'எனக்கு இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்', 'என்னிடம் பணம் இருக்கிறது', 'வீட்டில் மூன்று அறைகள் இருக்கின்றன' என்று மூன்று வேற்றுமை உருபுகளை வைத்து நாம் சொல்வதை ஆங்கிலம் ஒரே வினையில் முடித்துவிடும்: 'ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்', 'ஐ ஹேவ் மணி', 'அவர் ஹவுஸ் ஹேஸ் த்ரீ ரூம்ஸ்'. 'எனக்கு' அங்கே 'நான்' ஆகிவிடும், உடையவரே எழுவாய். 'ஃபார் மீ டூ பிரதர்ஸ் ஆர் தேர்' என்று வாய் தடுமாறுவது 'எனக்கு'வை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதால்தான்.

ஆனால் எல்லா 'எனக்கு'வும் 'ஹேவ்' ஆகாது. காய்ச்சலும் தலைவலியும் ஆகும்: 'ஐ ஹேவ் எ ஃபீவர்', 'ஐ ஹேவ் எ ஹெடேக்'. பசியும் குளிரும் ஆகா: 'ஐ ஆம் ஹங்ரி', 'ஐ ஆம் கோல்ட்'. வயதும் அப்படித்தான்: 'ஐ ஆம் ட்வென்டி'. 'எனக்குத் தெரியும்', 'எனக்குப் பிடிக்கும்', 'எனக்கு வேண்டும்' என்பவற்றுக்குத் தனித்தனி வினைகள் இருக்கின்றன: 'ஐ நோ', 'ஐ லைக்', 'ஐ வான்ட்'. இந்தப் பிரிவினையைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு ஒரு வாரம் பழகுங்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

2. 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்' என்று சொல்லாதீர்கள். நம் நாட்டில் மிகப் பரவலான பிழை இது. 'இருக்கிறார்கள்' என்பதில் வரும் நிகழ்காலத்தைப் பார்த்ததும் 'இங்' சேர்க்கத் தோன்றிவிடுகிறது. தம்பிகள் இருப்பது ஒரு நிலை; அது நடந்துகொண்டிருக்கும் செயல் அல்ல. சொந்தம், சொத்து, நோய் மூன்றுக்கும் பெரும்பாலும் வெறும் 'ஹேவ்' போதும்.

'ஹேவிங்' அடியோடு தவறு என்றும் நினைத்துவிட வேண்டாம். 'வீ ஆர் ஹேவிங் லஞ்ச்', 'தே ஆர் ஹேவிங் எ மீட்டிங்' இரண்டும் நல்ல ஆங்கிலம். அங்கே 'ஹேவ்' என்றால் சாப்பிடுவது, நடத்துவது. அந்த இடத்தில் ஒரு செயல்வினையைப் பொருத்திப் பாருங்கள். பொருந்தினால் 'இங்' வரலாம்.

3. ஹீ, ஷி, இட், ஒருவரின் பெயர் இவற்றுக்கு 'ஹேஸ்'. 'எவ்ரிபடி' என்பது எல்லாரையும் குறித்தாலும் இலக்கணத்தில் ஒருமை. 'எவ்ரிபடி ஹேஸ்' என்றே வரும். 'டஸ்', 'டிட்', 'மஸ்ட்', 'வில்' வந்துவிட்டால் 'ஹேஸ்', 'ஹேட்' இரண்டும் விலகிவிடும்: 'டஸ் ஷி ஹேவ் எ பைக்?', 'ஐ டிட்நாட் ஹேவ் டைம்'. 'டிட்நாட் ஹேட்' கிடையவே கிடையாது.

4. பழைய இலக்கணப் புத்தகங்களில் 'ஹேவ் யூ எ பென்?' என்ற கேள்வியைப் பார்க்கலாம். தவறில்லை, வழக்கொழிந்துவருகிறது. 'டு யூ ஹேவ் எ பென்?' என்று கேளுங்கள்.

5. 'ஹேவ் டு' என்றால் கட்டாயம்: 'ஐ ஹேவ் டு கோ', நான் போயாக வேண்டும். இதன் எதிர்மறையில் மிகுந்த எச்சரிக்கை தேவை. தமிழில் 'இந்த மாத்திரை போட வேண்டாம்' என்றால் இரண்டு பொருள் வரலாம்: போட வேண்டிய அவசியமில்லை, அல்லது போடவே கூடாது. ஆங்கிலத்தில் இவை வெவ்வேறு. 'யூ டோன்ட் ஹேவ் டு டேக் திஸ் டேப்லெட்' என்றால் அவசியமில்லை, விரும்பினால் போடலாம். 'யூ மஸ்ட் நாட் டேக் திஸ் டேப்லெட்' என்றால் போடக் கூடாது. செவிலியராகவோ மருந்துக்கடையிலோ வேலைக்குப் போகிறவர்கள் இந்த இரண்டையும் மாற்றிச் சொன்னால் ஒரு நோயாளியின் உயிருக்கே ஆபத்து வரலாம். இதைச் சாதாரண இலக்கண விதியாக நினைக்காதீர்கள்.

6. முடிந்த காரியங்களுக்கு 'ஹேவ்' துணைவினையாக வரும்போது, தமிழே உங்களுக்கு வழிகாட்டும். 'தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்திருக்கிறேன்' என்று சொல்வீர்கள்; 'நேற்று பார்த்திருக்கிறேன்' என்று சொல்ல மாட்டீர்கள், 'நேற்று பார்த்தேன்' என்பீர்கள். ஆங்கிலமும் அப்படியே: 'ஐ ஹேவ் சீன் த டெம்பிள்', ஆனால் 'ஐ சா இட் எஸ்டர்டே'. நேற்று, போன வருஷம் என்று முடிந்துபோன காலத்தைச் சொன்னால் 'ஹேவ்' வராது.

தமிழ் கைவிடும் ஓர் இடமும் உண்டு. 'பத்து வருஷமாகச் சென்னையில் இருக்கிறேன்' என்பதை 'ஐ ஆம் இன் சென்னை சின்ஸ் டென் இயர்ஸ்' என்று பெயர்த்துவிடுகிறோம். 'ஐ ஹேவ் பீன் இன் சென்னை ஃபார் டென் இயர்ஸ்' என்பதே சரி. கால அளவுக்கு 'ஃபார்'. தொடங்கிய நாளுக்கோ ஆண்டுக்கோ 'சின்ஸ்'.

7. நேர்காணலில் கேள்வி கேட்க நினைக்கும்போது 'ஐ ஹேவ் எ டவுட்' என்று தொடங்காதீர்கள். நம்மிடையே அது வெறும் கேள்வி. வெளிநாட்டவர் காதில், நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை என்பதுபோல விழக்கூடும். 'ஐ ஹேவ் எ க்வெஸ்டின்' போதும்.

8. உச்சரிப்பு. எழுத்தில் 'ஸேவ்', 'கேவ்' போலத் தெரிந்தாலும் இதில் நீண்ட ஏகாரம் இல்லை. வாயைச் சற்று அகலத் திறந்து, எகரத்துக்கும் ஆகாரத்துக்கும் நடுவே குறுக்கிச் சொல்ல வேண்டும். 'ஹேவ் டு' வேகமான பேச்சில் 'ஹாஃப்டு' போல ஒலிக்கும். அது வேறு சொல்லோ என்று மிரள வேண்டாம்.

பேசும்போது தவறு வரும். யாராவது சிரித்தால் பாதியில் நிறுத்திவிடாதீர்கள், வாக்கியத்தை முடியுங்கள். இன்று படுக்கப் போகுமுன் உங்கள் குடும்பத்தைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் நாளைக்குச் செய்தாக வேண்டிய வேலையைப் பற்றியும் 'ஹேவ்' வைத்துப் பத்து வாக்கியங்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வீட்டில் தங்கையோ தம்பியோ இருந்தால் அவர்களையும் உட்காரவைத்துச் சொல்லச் சொல்லுங்கள்.